பரமக்குடி ஒண்ணு

எனக்கு முன்னாடி ஏழு பேர். எண்ணிட்டேன். வரிசைன்னு எதைப் பாத்தாலும் எண்ணிடுவேன், பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்ட கெட்ட பழக்கம். வகுப்புல ஒவ்வொருத்தரா எழுந்து ஒரு பத்தி வாசிக்கணும்னா, எனக்கு வரப்போற பத்தி எதுன்னு எண்ணி, அது எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு பாப்பேன். ப-வுல ஆரம்பிச்சா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய ஓடிருவேன். இந்தப் பிள்ளைக்கு வயித்துல ஏதோ கோளாறுன்னு ஆறாம் வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டே சொல்லிட்டாங்க. பூச்சி மருந்து வாங்கிக் குடுத்தாங்க, குடிச்சேன், என்ன பண்றது. இப்போ ஏழு பேர். திருச்சி ஜங்ஷன், வெள்ளிக்கிழமை மத்தியானம், டிக்கெட் கவுண்டர். ஃபேன் சுத்துது, காத்து மட்டும் வேற யாருக்கோ போகுது. இடது பக்கத் தூண்ல சாஞ்சுக்கிட்டு நஸ்ரின் நிக்கறா, கையில போன், போனுக்கு அடியில படிவம். ஹாஸ்டல்ல என் அறைத்தோழி, பக்கத்துக் கட்டில், வகுப்புல மூணு வருஷமா முதல் மார்க். நான் முன்பின் தெரியாத அஞ்சு பேர்கிட்டப் போய் வேணும்னே திக்கித் திக்கிப் பேசணும், அவ தள்ளி நின்னு கேக்கறவங்க முகம் எப்படிப் போகுதுன்னு எழுதணும். திங்கட்கிழமை ஒப்படைக்கணும். பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்புல மூணாம் வருஷம் எல்லாரும் செஞ்சாகணும். "திக்குவாய் இருக்கறவங்க தினம் படறது புஸ்தகத்துல வராது, ஒரு நாள் நீங்களே பட்டுப் பாருங்க"ன்னு வசுந்தரா மேடம் சொன்னப்போ முப்பத்திரண்டு பேரும் சிரிச்சோம். அந்த முப்பத்திரண்டுல ஒருத்திக்கு நிஜமாவே திக்கும்னு மேடத்துக்குத் தெரியாது, நஸ்ரினுக்குத் தெரியாது. மூணு வருஷமா தெரியவிட்டதில்ல.

எப்படி மறைச்சேன்னு கேட்டா அதுவே ஒரு தனிப் பட்டப்படிப்பு. எனக்கு ப வராது. வராதுன்னா, உதடு ரெண்டும் ஒட்டிக்கும், தொண்டையில காத்து நிக்கும், சத்தம் பிறக்காது. சினிமாவுல காட்டற மாதிரி ப-ப-பன்னு தபேலா வாசிக்கற கதை இல்ல என்னோடது. பூட்டு. அதுல ஒரு வசதி, வெளிய தெரியாது. ப வரப்போறது ரெண்டு வார்த்தை முன்னாடியே தெரிஞ்சிரும், வேற வார்த்தைக்குத் தாவிருவேன். புதன்கிழமைன்னு ஒரு கிழமை என் வாரத்துலயே கிடையாது, 'நாளன்னைக்கு'தான். பேனா கிடையாது, 'எழுத ஒண்ணு குடேன்'தான். பரோட்டான்னா எனக்கு உசுரு, ஆனா கடைக்குப் போனா தோசை, இந்த ஊர் தோசைக்காரங்க எல்லாம் எனக்கு மாலை போடணும். முதல் நாள் வகுப்புல பேர் சொல்லச் சொன்னாங்க. பவதாரணி. உதடு ஒட்டிக்கிச்சு, முப்பது பேர் திரும்பிப் பாக்கறாங்க, சட்டுனு முன்பாதியை முழுங்கிட்டு 'தாரணி'ன்னுட்டேன். அப்பா ஆசையா வெச்ச பேரு. அன்னியில இருந்து பாதிப் பேரோட திரியறேன். ஊர்ப் பேரை என்ன பண்றது? பிறந்தது பரமக்குடி, நானா கேட்டேன்? முதல் வருஷம் முழுக்க இதே கவுண்டர்ல ராமநாதபுரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவுல பரமக்குடியில எறங்கிப் போயிருக்கேன். ஒரு தடவை டிக்கெட் பரிசோதகர், "ஏம்மா, ராமநாதபுரம்னு இருக்கு, இங்க எறங்குற?"ன்னார். அத்தை வீடுன்னேன். எனக்கு அத்தையே கிடையாது. அப்புறம் போன்லயே டிக்கெட் எடுக்க வந்துருச்சு, அதைக் கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கட்டும். ஆனா இன்னிக்கு நஸ்ரின் விடல. "எப்படியும் ஊருக்குப் போறல்ல, கவுண்டர்லயே எடு, அஞ்சாவது ஆளும் முடிஞ்ச மாதிரி இருக்கும்"னா. அவளுக்கு எல்லாமே சிக்கனமா முடியணும்.

ஆறு பேர். "தஞ்சாவூர் ரெண்டு"ன்னு ஒரு ஆள் சொல்லிட்டு நகர்றார். எவ்வளவு அலட்சியமா சொல்றார், போற போக்குல, பாதி கொட்டாவியோட. இவங்களுக்கெல்லாம் வார்த்தை சட்டைப் பையில சில்லறை மாதிரி கிடக்கு. மேல ஸ்பீக்கர்ல அந்தப் பொம்பளை மறுபடி ஆரம்பிச்சுட்டா, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'. ப-வுலதான் ஆரம்பிக்கறா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, மூணு மொழியில, ஒரு தடவை கூட நிக்கலியே தாயி உனக்கு. காலையில நாலு பேரை முடிச்சேன். கேட்டா சிரிப்பீங்க, ரொம்ப ஜாலியா இருந்தது. காலேஜ் வாசல்ல கொய்யாப்பழக்காரம்மாகிட்ட கொ-கொ-கொய்யான்னு இழுத்தேன், அந்தம்மா பாவம் அவசர அவசரமா 'கொய்யாவா கண்ணு'ன்னு எனக்குப் பதிலா சொல்லி முடிச்சு ஒண்ணு கூடப் போட்டுக் குடுத்தாங்க. ஜெராக்ஸ் கடைப் பையன் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சான். ஆட்டோக்காரர் எனக்குக் காதும் கேக்காதுன்னு நினைச்சு "எங்கம்மா போகணும்!"னு தெருவே திரும்பற மாதிரி கத்தினார். ஏ.டி.எம். வாசல்ல இருந்த காவலாளி அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எங்க நாத்தனார் மகனுக்கும் இப்படித்தான், ஒரு கோயில் இருக்கு போயிட்டு வான்னு வழி சொன்னாங்க. நஸ்ரின் நாலு தடவையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா. "நேச்சுரலா இருக்குடி!" நான் திக்கினதெல்லாம் எனக்கு நல்லா வர்ற எழுத்துங்கள்ல. க, ஜ, எ. பொய்யாத் திக்கறப்போ பயமே இல்ல. எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்னு எல்லாம் என் கையில. வாழ்க்கையிலயே அவ்வளவு சரளமா நான் பேசினதில்ல, கடவுளே, திக்கிக்கிட்டே சரளமா பேசினேன்.

அஞ்சு பேர். யாரோ சூட்கேஸை என் கால் மேல உருட்டிட்டு, பாத்து நில்லும்மான்னு என்னையே திட்டறாங்க. நிக்கறேன், நிக்கத்தானே செய்யறேன். இந்தப் படிப்புக்கு ஏன் வந்தேன்னு வீட்டுல யாரும் கேட்டதில்ல, அதுதான் எங்க வீட்டு நாகரிகம். அம்மா சின்ன வயசுல வசம்பைச் சுட்டு உரசி நாக்குல தடவினாங்க, அப்புறம் சரியாயிடுச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. எனக்குத் தெரியாதா? சரியாகல, வார்த்தையை மாத்தக் கத்துக்கிட்டேன், அவ்வளவுதான். காலேஜ் சேர்க்கை கவுன்சிலிங்ல பேச்சுப் பயிற்சிப் படிப்புன்னு பேரைப் பாத்ததும் அதையே எடுத்துக்கிட்டேன். நோயாளியாப் போனா வெக்கம், டாக்டர் வேஷத்துல உள்ள போயி மருந்தைத் திருடிட்டு வந்துரலாம்னு நினைச்சேன். ரெண்டாம் வருஷம் அந்தப் பாடம் வந்தது. திக்குவாய், காரணங்கள், வகைகள். எல்லாரும் குனிஞ்சு எழுதறாங்க. மறைச்சு வாழறவங்க ஒரு வகை உண்டு, வெளிய சரளமா தெரியும், உள்ள இருபத்திநாலு மணி நேரமும் காவல் காப்பாங்கன்னு மேடம் சொல்றாங்க. எனக்குக் கை ஓடல. என் பக்கத்துல நஸ்ரின் அதுக்கு சிவப்பு மையில அடிக்கோடு போட்டா. ரெண்டு தடவை போட்டா.

சகாயராஜ் சார் மட்டும் வராம இருந்திருந்தா இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். முப்பத்தெட்டு வயசு, மின்சாதனக் கடையில வேலை, திக்கறார்னு விற்பனையில இருந்து தூக்கி குடோன்ல போட்டுட்டாங்க. எங்க காலேஜ் கிளினிக்ல மேடம் மேற்பார்வையில நான் பயிற்சி குடுக்கற முதல் ஆள். மூணாங்கிளாஸ் படிக்கிற அவரோட மகள், பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அப்பா வேணாம், அம்மா வரட்டும்னு சொல்லிருச்சாம். அதனால வந்தேன் மேடம்னார். அந்த மனுஷன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? வார்த்தையை மாத்தாதீங்க சார், மாத்த மாத்த அச்சம்தான் கூடும், எது வரலையோ அதையே சொல்லுங்க. எவ்வளவு அழகா சொன்னேன், ஒரு இடத்துல கூட ப வராம பாத்து. அவர் சொன்னார்: "உ-உங்களுக்கு இது புரியாது மேடம். ந-நல்லா இருக்கறவங்களுக்குப் புரியாது." எனக்குப் புரியும் சார்னு சொல்லியிருக்கணும். புன்னகை பண்ணேன். வசுந்தரா மேடம் சொல்லிக் குடுத்த அதே புன்னகை. அடுத்த திங்கட்கிழமை அவர் வரல, அதுக்கு அடுத்ததும் வரல. கோப்புல 'தொடர்பு இல்லை'ன்னு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். என் மேல எனக்கு வந்த அருவருப்பை எந்தக் கோப்புல எழுதறது?

மூணு பேர்தான். எப்போ ரெண்டு பேர் போனாங்க? திட்டம் ரெடியாத்தான் இருக்கு. ரா-ரா-ராமநாதபுரம் ஒண்ணு. பொய்யா, அழகா, மூணு ரா போட்டு. ஏன் ராமநாதபுரம்னு நஸ்ரின் கேட்டா அத்தை இருக்கவே இருக்காங்க. பொய்யாத் திக்கறதுக்குப் பொய்யா ஒரு ஊரு, அதுக்குப் பொய்யா ஒரு அத்தை. நிஜத்தைச் சொன்னா என்ன ஆகும்னு நான் நினைச்சுப் பாக்காம இல்ல. நஸ்ரினுக்குத் தெரிஞ்சிரும், நஸ்ரின் படிவத்துல உள்ளதை உள்ளபடி எழுதற ரகம், மேடத்துக்குப் போகும். அடுத்த மாசம் இன்டர்ன்ஷிப், திக்குவாய் கிளினிக்குக்கு ரெண்டு பேரைத்தான் எடுப்பாங்க, நான் அதுக்குத்தான் உயிரை வெச்சுப் படிச்சேன். தனக்கே பேச வராதவ அடுத்தவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பான்னு ஒரு குரல். அது யார் குரல்னு பாத்தா என் குரல்தான். எல்லாத்துக்கும் மேல நஸ்ரின் மூஞ்சி. இனிமே நான் வாய் திறக்கறப்போ எல்லாம் அவ காது கொஞ்சம் முன்னாடி வரும், எண்ணுவா, வகை பிரிப்பா, பாவம்னு சொல்லுவா. பரமக்குடி பரமக்குடி பரமக்குடி. மனசுக்குள்ள எப்படிப் போகுது பாருங்க வழுக்கிக்கிட்டு. மனசுக்குள்ள எனக்குத் திக்கினதே இல்ல. ரெண்டு பேர். கரூர் ஒண்ணு. விருத்தாசலம் மூணு, ஒரு அரை டிக்கெட். ஆத்தீ, நான்தான்.

கண்ணாடிக்குப் பின்னாடி ஐம்பது வயசு ஆள், மூக்குக் கண்ணாடி நுனி மூக்குல. "சொல்லுங்க." ரா. ரா-வுக்கு நாக்கு மேல போகணும், உதடு திறந்தே இருக்கணும், ஒலியியல்ல எண்பத்தி ரெண்டு மார்க் எனக்கு. உதடு மூடிக்கிச்சு. மூடினப்போதான் நான் எந்த ஊரைச் சொல்லப் போறேன்னு எனக்கே தெரிஞ்சது. இன்னும் நேரம் இருக்கு, தாவிரு, திறந்து ரா சொல்லு. தாவல. தாவாதீங்க சார்னு யாருக்கோ சொன்ன வாயி இது. உதட்டுக்குப் பின்னாடி காத்து முட்டுது, கழுத்து நரம்பு இழுக்குது, கண்ணு தானா மூடுது, கண்ணை மூடாதீங்க எதிர்ல இருக்கறவரைப் பாருங்கன்னு நாங்க சொல்லிக் குடுப்போம், திறக்கறேன், அந்த ஆள் நிமிர்ந்து பாக்கறார். "எந்த ஊரும்மா?" சத்தம் இல்ல. எத்தனை நொடி ஆச்சு, நஸ்ரின் எண்ணிக்கிட்டிருப்பா. பின்னாடி ஒருத்தர், "என்ன பாப்பா, ஊரு மறந்து போச்சா?" ரெண்டு பேர் சிரிப்பு. இன்னொருத்தருக்கு என் உதடு தெரியுது போல, உதவிக்கு வந்துட்டார், "பழனியா? புதுக்கோட்டையா?" தலையை ஆட்டறேன், இல்ல. "பெரம்பலூரா?" "யோவ், பெரம்பலூருக்கு ஏதுய்யா ரயிலு?" அவங்களுக்குள்ள ஒரு தகராறு ஆரம்பமாகுது. தஞ்சாவூர் வண்டி வந்துட்டதா ஸ்பீக்கர்ல அந்தப் பொம்பளை சொல்றா. அழுகை வருது. அழுதா மூக்குல காத்து போயிரும், அழாத. கண்ணாடிக்குப் பின்னாடி அந்த ஆள் கீபோர்டு மேல விரலை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கார். அவசரப்படுத்தல, ஊரை ஊகிக்கல, வேற பக்கம் பாக்கல. எங்கே படிச்சார் இதை? உதட்டைக் கொஞ்சம் தளர்த்தறேன், மெதுவா, இப்பவும் ஒட்டுது, மறுபடி, விட்டுது. "பரமக்குடி ஒண்ணு." என்னமோ இன்னிக்குத்தான் அந்த ஊருக்குப் பேர் வெச்ச மாதிரி எனக்கு இருந்தது. "சில்லறையா குடும்மா"ன்னார் அவர்.

தூண்கிட்டப் போறேன். நஸ்ரின் எழுதி முடிச்சு, உதட்டைப் பிதுக்கிக்கிட்டு நிக்கறா.

"முதல் நாலும் பிரமாதம்டி. இது மட்டும் சரியில்ல, ஓவர். அவ்வளவு நேரம் சத்தமே வராம யாருடி நிப்பாங்க? பொருந்தவே இல்ல, செயற்கையா இருக்கு. மேடம் கேட்டா நான் என்ன சொல்றது?"

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. பொய்க்கு நூறு மார்க், நிஜத்துக்குச் சுழி. கதவை அவளே திறந்து வெச்சுட்டா, ஆமாடி ஓவராப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நடையைக் கட்டலாம், வண்டி ஏறலாம், இன்னும் மூணு வருஷம், முப்பது வருஷம்.

"அது நடிப்பு இல்ல, நஸ்ரின்."

"சும்மா இரு."

"நிஜமா எனக்குத் திக்கும். சின்னதுல இருந்து."

எப்படி வந்தது பாருங்க, வெண்ணெய் மாதிரி. ஒரு இடத்துல தட்டல. அவ நம்பாம சிரிக்கறா. வேண்டாத நேரமெல்லாம் வந்து மானத்தை வாங்கற சனியன், சாட்சி சொல்லக் கூப்பிட்டா வர மாட்டேங்குது. "அட்டெண்டன்ஸ்ல என்னை என்னன்னு எழுதியிருக்கும், தெரியும்ல? வெறும் தாரணி இல்ல. அதை நான் சொல்லிக் கேட்டிருக்கியா?" அவ யோசிக்கறா. நான் வாயைத் திறந்து, இல்ல, மூடி, நின்னுட்டேன். பூட்டு. அவ முதல்ல சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. அப்புறம் அவ பார்வை என் உதட்டுல இருந்து கழுத்துக்கு எறங்குச்சு, கழுத்துல இருந்து இமைக்கு ஏறுச்சு. சிவப்பு மையில அடிக்கோடு போட்டதெல்லாம் அவளுக்கு எதிர்ல நிக்குது. சிரிப்பு போயிருச்சு. "பவதாரணி"ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ கண்ணு நிறைஞ்சிருச்சு.

"மூணு வருஷமா பக்கத்துக் கட்டில்ல படுக்கறேன். என் காதுல விழலியேடி. நானெல்லாம் முதல் மார்க்கு."

"விழ நான் விட்டாத்தானே."

"என்கிட்ட ஏன்டி மறைச்ச? என்கிட்டயுமா?" கோபம், அழுகை எல்லாம் சேர்ந்து என் தோள்ல ஒரு அடி வெச்சா. நல்லா வலிச்சது. பாவம்ங்கற பார்வை வரும்னு இவ்வளவு நாள் பயந்தேனே, அடிதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, படிவத்தைத் தூண்ல வெச்சு அஞ்சாவது வரியைக் குறுக்கா அடிச்சா.

"என்னடி செய்யற?"

"இது செல்லாது. பொய்யாத் திக்கணும்னுதான் விதி. உனக்கு இன்னும் ஒரு ஆள் பாக்கி. ஞாயித்துக்கிழமை நீ வந்ததும் முடிக்கலாம்."

"மேடத்துகிட்ட?"

"நீ சொன்னாச் சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சகாயராஜ் சார் நம்பர் கோப்புல இருக்கு. மேடத்துக்கு முன்னாடி அவர்கிட்டச் சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல, எதிர்ல உக்காந்து.

நஸ்ரின் கண்ணைத் துடைச்சுட்டு, என் அஞ்சு பேரை நான் இப்பவே ஆரம்பிக்கறேன், நீ எழுதுன்னு படிவத்தை என் கையில திணிச்சுட்டு டீக்கடைக்கு நடந்தா. ரோஷக்காரி. கடைக்காரர்கிட்டப் போய் நின்னு, தலையை ஆட்டி ஆட்டி, ப-ப-ப-ப-பால் ஒண்ணுங்கறா. தபேலா. கடைக்காரர், என்ன பாப்பா, காலேஜ் நாடகமான்னு கேக்கறார். எவ்வளவு கேவலமாத் திக்கறா இவ! முதல் மார்க்காம்! எனக்கு அடக்க முடியல, அவளைத் தோளைப் பிடிச்சு என் பக்கம் திருப்பினேன்.

"அப்படி இல்லடி. தலையை ஆட்டாத. உதட்டை மூடு. காத்தை உள்ளயே நிறுத்து. இந்தக் கடையில இருக்கற எல்லாரும் உன்னையே கவனிக்கறாங்கன்னு நினைச்சுக்கோ. இப்போ..."

அடுத்த வார்த்தை ப-வுலதான் ஆரம்பிக்கணும். வேற வார்த்தை ரெண்டு தயாரா நின்னுது, நான் எடுக்கல. என் உதடும் மூடிக்கிச்சு. ரெண்டு பேரும் அப்படியே நிக்கறோம், கடைக்காரர் பாலை ஆத்தறதை நிறுத்திட்டுப் பாக்கறார். நஸ்ரினுக்கு அந்த வார்த்தை என்னன்னு தெரியும். அவ சொல்லல, காத்துக்கிட்டிருந்தா.

"பயப்படு"ன்னேன்.